வெறுங்கால் வேகம்

ஐந்து பேனா ரீஃபில்கள். ஒரு மரத்துண்டில் ஐந்து பள்ளம் கீறி, அவற்றில் பதித்து, நூல் சுற்றிப் பசை ஊற்றி இறுக்கியவை. தாளின் ஓரத்தில் ஐந்து முனைகளையும் ஒன்றாக ஊன்றி, அளவுகோலை அணைத்தபடி ஒரே இழுப்பில் இழுக்கின்றன கைகள். ஐந்து கோடுகள் ஒன்றாகப் பிறந்து ஒன்றாக ஓடி ஒன்றாக நிற்கின்றன. இழுக்கும்போது மூச்சு விடக் கூடாது. விட்டால் நடுவில் ஒரு நடுக்கம் விழும். நடுக்கம் விழுந்த தாள் மளிகைச் சீட்டு எழுதப் போய்விடும்.

தாளின் மறுபக்கத்தில் யாரோ ஒருவரின் அரை முகம் இருக்கிறது. போஸ்டர் அச்சகத்தில் நிறம் சரியாக விழாமல் ஒதுக்கியவற்றைக் கட்டாக வாங்கி வந்து வெட்டி வைத்துக்கொள்வது இருசப்பனின் வழக்கம். கல்யாண வாழ்த்து, காதணி விழா, கண்ணீர் அஞ்சலி. இவற்றில் அஞ்சலித் தாள்தான் கெட்டி, மை ஊறாது. "செத்தவங்க போஸ்டர்ல யாரும் கஞ்சத்தனம் பண்ண மாட்டாங்க. நல்ல பேப்பரா பாத்துப் போடுவாங்க" என்பார்.

கோடு போட்ட தாளில் இனி பியானோவுக்கான சுரக்குறிகள் ஏறும். ஒவ்வொன்றும் எள்ளுப் போல, ஒரே அளவில், ஒரே சாய்வில். கம்ப்யூட்டரில் எழுதினால் சுலபமாயிற்றே என்று கேட்டவர்களுக்கு ஒரே பதில்தான். "அதுல தப்பா எழுதினாலும் அழகா வந்துடுதுங்க. கையில எழுதினாத்தான் தப்பு தப்பா தெரியும்."

இருசப்பனுக்கு வயது ஐம்பத்து மூன்று. திருவண்ணாமலையில் வேட்டவலம் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் வாடகை வீடு. முன்னறையில் இரண்டு கீபோர்டு, ஒரு பழைய கம்ப்யூட்டர், ஒரு மைக். வெளிச்சத்தம் உள்ளே வராமலிருக்கச் சுவர் முழுக்க மல்லாட்டைச் சாக்குகளை மடித்து ஆணியடித்திருக்கிறார். அந்த அறையில் பதிவான பக்திப் பாடல்களை உற்றுக் கேட்டால் கடலை வாசனை வரும் என்று அவரே கேலி செய்வார். நானூறு மெட்டுக்கு மேல் போட்டிருக்கிறார். அவற்றில் ஒன்றில்கூட அவர் பெயர் இல்லை.

பெயர்கள் இருக்கின்றன. இருபத்தைந்து வயதில் கண்ணாயிரம் என்பவரின் கச்சேரிக் குழுவில் கீபோர்டு வாசிக்கச் சேர்ந்த முதல் நாளே, "இருசப்பன்னு மைக்ல சொன்னா கெடா வெட்டறதுக்கு ஆள் கூப்புடற மாதிரி இருக்குய்யா" என்று சொல்லி அவரை ராஜேஷ் ஆக்கினார் கண்ணாயிரம். கிறிஸ்துமஸ் கீதங்கள் ஒலிநாடாவில் அவர் ஐசக். சந்தனக்கூடு விழாவுக்காகப் போட்ட ஒலிநாடாவில் பாபு. ஆசிரமப் பக்கம் தங்க வரும் வெளிநாட்டுக்காரர்களுக்காக ஒருவர் வெளியிட்ட தியான இசையில் ஆனந்த். ஜவுளிக்கடை விளம்பரத்துக்கும் இரண்டு கட்சிகளின் தேர்தல் பாட்டுக்கும் எந்தப் பெயரும் கிடையாது. "ஒரு ஆளு இத்தினி பேரு வச்சிக்கினு சுத்தறது போலீசுக்குத் தெரிஞ்சா ஒன்ன சும்மா வுட மாட்டாங்க" என்பது அவர் மனைவி பாஞ்சாலையின் கணிப்பு. பாஞ்சாலை சத்துணவுக் கூடத்தில் அமைப்பாளர்.

இருசப்பனின் இசைப் படிப்பு காலில் தொடங்கியது. செங்கம் பக்கத்துக் கிராமத்தில் பதின்மூன்று வயதுப் பையனாகக் கூத்துப் பார்க்கப் போனவரை, ஹார்மோனியக்காரருக்கு மஞ்சள் காமாலை என்பதால் பெட்டியின் முன்னால் உட்கார வைத்தார்கள். எந்த இடத்தில் நிறுத்துவது, எந்த இடத்தில் தூக்குவது, ஒன்றும் தெரியாது. வேஷக்காரர் கிரீடத்தைச் சரிசெய்துகொண்டே, "டேய், என் மூஞ்சப் பாக்காத. கால பாரு. அது நின்னா நீயும் நில்லு" என்றார். விடிய விடியச் சலங்கை கட்டிய கால்களையே பார்த்து வாசித்தார். இன்றைக்கும் யார் பாடினாலும் அவர் கண் முதலில் போவது பாடுபவரின் பாதத்துக்குத்தான்.

அடுத்த பள்ளிக்கூடம் திருவண்ணாமலை ஊருக்குள் இருந்த ஒரு தேவாலயம். அதன் விடுதியில் தங்கிப் படித்த ஐந்து வருடமும் அங்கிருந்த மிதி ஆர்கனை அவர்தான் துடைத்தார், அவர்தான் வாசித்தார். அந்தப் பெட்டிக்கு மின்சாரம் கிடையாது. இரண்டு கால்களும் மாறி மாறி மிதித்தால்தான் உள்ளே காற்று ஏறும், காற்று ஏறினால்தான் சத்தம் வரும். மேல்நாட்டு இசைக்குறிகளைக் கீர்த்தனைப் புத்தகத்தைப் பார்த்துத் தானாகவே எழுத்துக்கூட்டிப் படித்தார். நாலு குரல் நாலு பக்கம் போய் ஒரே இடத்தில் வந்து சேருவது அவருக்குப் பெரிய அதிசயமாக இருந்தது. "எங்க வூட்ல நாலு பேரு பேசினா சண்டைதான் வரும். அங்க நாலு பேரு பேசினா பாட்டு வருது" என்று அந்த வயதில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாராம்.

நிஜமான பியானோவை முதன்முதலில் அவர் தொட்டது இருபத்து நான்காம் வயதில், சென்னையில், பரீட்சை அறையில். வெள்ளைக்காரத் தேர்வாளர் வந்து நடத்தும் கிரேடு பரீட்சை அது. முதல் கிரேடுக்கு வந்திருந்தவர்கள் எல்லாம் ஏழெட்டு வயதுக் குழந்தைகள். வாசலில் நின்ற அம்மாள் அவரைப் பார்த்து, "பேரன்ட்ஸ் எல்லாம் வெளிய வெயிட் பண்ணுங்க" என்றார். "நான்தாங்க எக்ஸாமு" என்று சீட்டைக் காட்டி உள்ளே போனார். உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கியதும் அவர் கால்கள் தாமாக மிதிக்க ஆரம்பித்துவிட்டன. ஆர்கனில் ஐந்து வருடம் காற்றடித்த கால்கள். பியானோவின் அடியில் இருக்கும் பெடலை மிதித்தால் ஒரு சுரம் அடங்காமல் அடுத்த சுரத்தோடு கலந்துவிடும். மொத்தமும் கூழாகிவிட்டது. தேர்வாளர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து பியானோவுக்கு அடியில் எட்டிப் பார்த்தார்.

அந்த வருடம் தேறவில்லை. ஊருக்கு வந்து, இரண்டு கால்களையும் துண்டால் நாற்காலியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு எட்டு மாதம் வாசித்தார். மறு வருடம் தேறினார். அதன் பிறகு பத்து வருடத்தில் எட்டு கிரேடும் முடித்தார். ஒவ்வொரு தடவையும் விடியற்காலைப் பேருந்து, ஒவ்வொரு தடவையும் வரிசையில் குழந்தைகள், ஒவ்வொரு தடவையும் வாசலில் அந்தக் கேள்வி. எட்டுச் சான்றிதழும் பிளாஸ்டிக் உறையில் பீரோவுக்குள் இருக்கின்றன. இசையோடு சேர்த்து அவர் பெயர் அச்சானது அந்த எட்டுத் தாளில் மட்டும்தான்.

நடுவில் இரண்டு வருடம் சென்னையில் ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தில் வாசித்தார். அங்கே உதவியாளர் ஒருவர், "உன் வாசிப்புல ஒரு தப்பும் இல்ல, அதான் பிரச்னை" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று இன்று வரை யோசிக்கிறார். அப்பா இறந்ததும் நிலத்தைப் பார்க்க வந்தவர், நிலம் போன பிறகும் திரும்பிப் போகவில்லை.

கால் மட்டும் இன்னும் அடங்கவில்லை. பேருந்தில் பாட்டு ஓடினால் முன்சீட்டின் அடிக்கம்பியை மிதிக்கத் தொடங்கிவிடுவார். "ஏம்பா, கால வச்சிக்கினு சும்மா வர மாட்டியா?" என்று முன்னால் இருப்பவர் திரும்புவார். "சாரிங்க, காத்தடிச்சே பழகிடுச்சு" என்பார். அவர் என்ன சொல்கிறார் என்பது யாருக்கும் விளங்காது.

செங்கம் சாலையில் ஆசிரமத்தை அடுத்த ஒரு காபிக் கடையில் நல்ல பியானோ ஒன்று இருக்கிறது. சனிக்கிழமை மாலைகளில் அங்கே வாசிக்கிறார். பாதி நேரம் அவரே எழுதியவற்றைத்தான். கேட்டுக்கொண்டிருப்பவர்கள் எழுந்து வந்து, இது யார் எழுதியது என்று கேட்பதுண்டு. அப்போது வாயில் வருகிற ஏதாவது ஒரு வெளிநாட்டுப் பெயரைச் சொல்லிவிடுவார். "ஒரு போலந்துக்காரருங்க, செத்துட்டாருன்னு சொல்லுவேன். உடனே கண்ண மூடி தலைய ஆட்டுவாங்க. நான் போட்டதுன்னு ஒரே ஒரு தடவ சொன்னேன். 'ஓ, நைஸ்'னு சொல்லிட்டு காப்பிய குடிக்கப் போயிட்டாங்க." இதைச் சொல்லும்போது சிரிப்பார். சிரித்து முடித்த பிறகும் வாய் கொஞ்ச நேரம் அப்படியே திறந்திருக்கும்.

அவர் மெட்டுகளில் ஊரெல்லாம் ஒலிப்பவை கிரிவலப் பாடல்கள்தான். மலையைச் சுற்றிய பதினான்கு கிலோமீட்டர் பாதையில் பௌர்ணமிதோறும் பூக்கடை, பொம்மைக்கடை, மோர்ப்பந்தல் என்று எங்கே நின்றாலும் ஏதாவது ஒரு ஒலிபெருக்கியில் அவர் மெட்டு ஓடும். உறையில் 'இசை: அறிவுச்செல்வன்' என்று இருக்கும்.

அறிவுச்செல்வன் மூன்று லாட்ஜுகளுக்குச் சொந்தக்காரர். நாலு லட்சம் பேர் பார்க்கும் பக்திப் பாடல் சேனலும் வைத்திருக்கிறார். கெட்டவர் இல்லை. கொரோனா காலத்தில் கச்சேரி, கல்யாணம் எல்லாம் படுத்தபோது இருசப்பன் வீட்டு அடுப்பு அணையாமல் பார்த்துக்கொண்டவர். இருசப்பனின் மகள் கீதாஞ்சலிக்கு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைக்க நாலு பேரிடம் பேசியவர். ஒவ்வொரு ஆல்பத்துக்கும் முன்னால் இருசப்பனை எதிரில் உட்கார வைத்து, கண்ணை மூடி, "தனனா தனனா... இந்த மாதிரி, உருக்கமா" என்பார். எந்த மெட்டிலும் சேராத தனனா அது. ஆனால் பாட்டு முடிந்து வந்ததும், அது தன் தனனாவிலிருந்துதான் முளைத்தது என்று மனதார நம்புவார். மேடையில் அதைச் சொல்லும்போது அவர் குரல் நிஜமாகவே தழுதழுக்கும். பதினோரு ஆல்பம் இப்படி வந்திருக்கிறது.

ஒரு தடவை பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்கு வந்த ஷேர் ஆட்டோவில் இருசப்பனின் பழைய மெட்டு ஒன்று ஓடியது. கால் மிதிப்பதைக் கண்ணாடியில் பார்த்த டிரைவர், "இத யாரு போட்டது தெரியுமா? நம்ம லாட்ஜ்காரு, அறிவுச்செல்வன் சாரு" என்றார்.

"நல்லாக்குதா?" என்று கேட்டார் இருசப்பன்.

"நல்லாக்குதாவா? எங்கம்மா போனப்ப கூட்டம் தாங்கல. இன்னா போடறதுன்னு தெரியாம இதத்தான் ராவெல்லாம் போட்டோம். உனக்கு இன்னா தெரியும் அதெல்லாம்."

வீட்டுக்கு வந்து பாஞ்சாலையிடம், "பாட்டு நல்லாக்குதாம்" என்று மட்டும் சொன்னார்.

இந்த வருடம் கார்த்திகை தீபத்துக்காகப் பன்னிரண்டாவது ஆல்பம். மலையைச் சுற்றி இருக்கும் எட்டு லிங்கத்துக்கு எட்டுப் பாட்டு. வரிகள் ஒரு தமிழாசிரியருடையவை, பாடியவர் வினோதினி என்ற பள்ளி ஆசிரியை. இருசப்பன் இதற்குள் ஒரு காரியம் செய்திருந்தார். யாரும் செய்யச் சொல்லாதது.

நான்கு மாதம், வாரத்தில் மூன்று நாள், விடியற்காலையில் செருப்பைப் பைக்குள் போட்டுக்கொண்டு மலையைச் சுற்றினார். சாமி கும்பிடப் போகவில்லை. முன்னால் நடப்பவர்களின் பாதங்களைப் பார்த்துக்கொண்டு, நிமிடத்துக்கு எத்தனை அடி என்று எண்ணிக்கொண்டு நடந்தார். வெறுங்காலில் நடக்கிறவன் செருப்புக்காலில் நடக்கிறவனைவிட மெதுவாகத்தான் போவான், தரையைப் பார்த்துத்தான் வைப்பான். கோயிலை விட்டுக் கிளம்பி இந்திர லிங்கம் தாண்டும்போது நிமிடத்துக்கு நூற்று நாலு. எம லிங்கத்துக்கு வரும்போது தொண்ணூற்றெட்டு. மேற்கே அடி அண்ணாமலையை நெருங்கும்போது பேச்செல்லாம் அடங்கி, குழந்தைகள் தோளுக்கு ஏறி, கால்கள் எண்பத்து நாலுக்கு இறங்கிவிடும். வருண லிங்கத்துப் பாட்டின் தாளமும் நிமிடத்துக்கு அந்த எண்பத்து நாலில்தான் விழ வேண்டும். "குபேர லிங்கம் வந்தா மட்டும் எல்லாருக்கும் எங்கேந்தோ தெம்பு வந்துடும். நொண்டிக்கினு வந்தவன்கூட ஓடுவான். அதுக்கு நூறு வச்சேன்" என்பார். சுடுகாட்டை ஒட்டிய ஈசானிய லிங்கம் கடைசி. அங்கே எழுபத்தாறு.

நானூறு மெட்டில் இதுதான் தன்னுடையது என்று அவருக்குத் தோன்றிவிட்டது. கூத்துக்காரரின் கால், ஆர்கனை மிதித்த கால், கட்டிப் போட்ட கால், எல்லாம் இதற்குள் இருந்தன.

மூன்று வாரத்துக்கு முன்னால் முதல் ஏழு பாட்டையும் லாட்ஜ் அலுவலகத்தில் அறிவுச்செல்வனுக்குப் போட்டுக் காட்டினார். நாலாவது பாட்டில் அறிவுச்செல்வன் கொட்டாவி விட்டார்.

"இன்னாய்யா இருசு, தூக்கம் வருதே. ஒரு அடி இல்ல, ஒரு துள்ளல் இல்ல. சென்னையில சரவணகுமாரு இன்னா சொல்றான்னா, இப்பல்லாம் நூத்தி இருபதுக்குக் கம்மியா இருந்தா பசங்க தள்ளிவுட்டுப் போயிடறாங்களாம்." சேனலைச் சென்னையிலிருந்து பார்த்துக்கொள்பவன் சரவணகுமார்.

"இது நடக்கறவங்களுக்குப் போட்டதுங்க சார். உக்காந்து கேட்டா அப்படித்தான் இருக்கும்."

"லாட்ஜ்ல ரூம் போட்டு உக்காந்து கேக்கறவன்தான் ஜாஸ்தி. ஏத்துய்யா கொஞ்சம்."

"ஏத்த மாட்டேங்க."

பதினோரு ஆல்பத்தில் இருசப்பன் அவரிடம் மாட்டேன் என்று சொன்னது இதுதான் முதல் தடவை. அறிவுச்செல்வனுக்குக் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம். பிறகு கோபமும் வந்தது.

"அப்ப உம் பேர்லயே போட்டுக்கோ. இசை இருசப்பன். ஓடலன்னா ஒன்னத் திட்டட்டும். என் பேர கெடுத்துக்க நான் தயாரா இல்ல."

"சரிங்க சார்" என்றார் இருசப்பன். அது வெறும் காற்றாகத்தான் வந்தது.

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது பாஞ்சாலை முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "பேரு வருதா? எந்தப் பேரு?" என்று கேட்டார்.

"எம் பேருதான். இருசப்பன்."

"ஆமா, ராஜேஷுக்கு அப்பறம் ஐசக்கு, ஐசக்குக்கு அப்பறம் இவுரு" என்றார் பாஞ்சாலை. ஒரு காம்பை உருவிப் போட்டுவிட்டு, "கவர்ல வந்தா எங்கண்ணன் வூட்டுக்கு ஒன்னு குடு. இன்னா வேல பண்றாருன்னு இருபத்தேழு வருசமா கேட்டுக்கினே கீறாங்க" என்றார்.

எட்டாவது பாட்டைத்தான் ஐந்து ரீஃபில்களால் கோடு போட்ட அந்த அஞ்சலித் தாளில் எழுதினார். எழுதி, வாசித்து, வினோதினியை வரவழைத்துப் பாட வைத்து, எட்டையும் ஒன்றாகச் சேர்த்துப் பென்டிரைவில் ஏற்றி, ஒரு வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு லாட்ஜுக்கு எடுத்துப் போனார். வெளுத்த சட்டை, தேய்த்த வேட்டி.

அறிவுச்செல்வன் மூன்றாம் மாடி வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஆளுயர ஒலிபெருக்கி. போனை நீட்டி, "பாரு, கவர் ரெடி" என்றார். மலை, மலைக்கு மேலே தீபம், கீழே மஞ்சள் எழுத்தில் 'இசை: இருசப்பன்'. இருசப்பன் போனை வாங்கி, இரண்டு விரலால் அந்த இடத்தைப் பெரிதாக்கினார். பெயர் திரை முழுக்க வந்தது. இன்னும் பெரிதாக்கினார். ஒரே ஒரு எழுத்து மட்டும் நின்றது. பிறகு சுருக்கித் திருப்பிக் கொடுத்தார்.

"நல்லாக்குதுங்க சார்."

"பேரு உன்துதான், அதுல மாத்தம் இல்ல. ஆனா சரவணன் கிட்ட பேசிட்டேன். ஒரு பட்டன் இருக்குதாம், சுருதி மாறாம வேகம் மட்டும் ஏறுமாம். நூத்தி இருபதுக்கு ஏத்திப்புடுவான். நீ ஒன்னும் பண்ண வேணாம்."

இருசப்பன் சட்டைப்பையில் இருந்த பென்டிரைவைத் தொட்டுப் பார்த்தார். இப்போது வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். தீபத்தன்று ஊர் முழுக்க அந்த உறை வரும். மச்சான் வீட்டுக்கு ஒன்று போகும். எட்டு லிங்கமும் நூற்று இருபதில் ஓடும். அதன்மேல் அவர் பெயர் இருக்கும். மூடிக்கொண்டிருக்கத்தான் நினைத்தார். வாய் திறந்துவிட்டது.

"சார், செருப்ப கழட்டுங்க."

"இன்னாது?"

"செருப்ப கழட்டிட்டு இந்த வராந்தாவுல நடங்க. ஒரே ஒரு பாட்டு. அஞ்சாவது."

"யோவ், எனக்கு சுகரு. வெறுங்கால்ல நடக்கக் கூடாதுன்னு டாக்டரு சொல்லிக்கிறாரு. நான் மல சுத்தியே பதினஞ்சு வருசம் ஆவுது. கார்லதான் போய் வரேன்."

"டைல்ஸ்தாங்க சார். ஒன்னும் ஆவாது."

அந்தக் குரலில் இருந்த ஏதோ ஒன்றுக்காக அறிவுச்செல்வன் எழுந்தார். செருப்பைக் கழற்றினார். இருசப்பன் பென்டிரைவைச் செருகி ஐந்தாவது பாட்டைப் போட்டார். வருண லிங்கம். முதலில் பியானோ மட்டும், ஒற்றை ஒற்றையாக. அறிவுச்செல்வன் முதல் சுற்றில் லாட்ஜ் முதலாளி நடையில் விறுவிறுவென்று போய், பாட்டை முந்திக்கொண்டு வராந்தாவின் கோடியில் நின்று, "பாத்தியா?" என்றார். "நடங்க சார்" என்றார் இருசப்பன். இரண்டாவது சுற்றில் பாட்டுக்கும் காலுக்கும் சண்டை நடந்தது. மூன்றாவது சுற்றின் நடுவில் கால் தோற்றது. பாதம் விழுகிற இடத்தில் சுரம் விழுந்தது. அறிவுச்செல்வன் தலையைக் குனிந்து தன் காலையே பார்த்துக்கொண்டு நடந்தார். ஐந்தாவது சுற்றில் தோள்கள் இறங்கின. ஏழாவதில் கைகள் தாமாக எழுந்து நெஞ்சுக்கு நேரே குவிந்தன. குவிந்தது அவருக்கே தெரியவில்லை. பாட்டு முடிந்த பிறகும் இரண்டு அடி நடந்துவிட்டு நின்றார்.

"யோவ்" என்றார். மூக்கை உறிஞ்சினார். "எங்கப்பாரு கையப் புடிச்சிக்கினு நடந்த மாதிரி இருக்குதுய்யா. அடி அண்ணாமல கிட்ட வந்தா கால் வலிக்குதுன்னு அழுவேன். ரெண்டே ரெண்டு பர்லாங்குதான்டான்னு பொய் சொல்லிக்கினே கூட்டியாருவாரு."

இருசப்பனுக்கு நெஞ்சுக்குள் ஏதோ பொங்கி மேலே வந்தது. மேலே வந்தது பாதியிலேயே நின்றது. அறிவுச்செல்வனின் முகத்தைப் பார்த்துவிட்டார். கண் பாதி மூடி, உதடு லேசாகக் குவிந்து, உள்ளுக்குள் ஒரு தனனா ஓடுகிற முகம். பதினோரு தடவை பார்த்த முகம்.

"நான் அன்னிக்கே சொன்னேன் பாத்தியா, உருக்கமா வேணும்னு" என்றார் அறிவுச்செல்வன். நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். "இத போயி உம் பேர்ல வுடறதா? தப்பா நெனச்சிக்காத இருசு. உன்ன யாருக்குத் தெரியும்? நாலு பேரு கேட்டுட்டு மூடிடுவான். இது நாலு லட்சம் பேருக்குப் போவணும். நல்ல பொருளு வீணா போயிடக் கூடாது, இல்ல?"

இருசப்பன் ஒலிபெருக்கியின் பின்னால் குனிந்து பென்டிரைவைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"கூடாதுங்க சார்" என்றார் அங்கிருந்தபடியே. "வேகம்?"

"தொடவே கூடாது. யாரு தொட்டாலும் நான் வுட மாட்டேன்." போனை எடுத்துச் சரவணகுமாரைக் கூப்பிட்டார். "டேய், அந்தக் கவர்ல பேர மாத்து. ஆமா. எம் பேருதான்டா, வேற யாரு பேரு. இன்னொன்னு கேளு, வேகத்துல எவனாவது கை வெச்சா கைய ஒடச்சிப்புடுவேன். அது நடக்கறவங்களுக்குப் போட்டதுடா. உக்காந்துக்கினு கேட்டா உனக்கு இன்னா தெரியும்?"

மறுமுனையில் சரவணகுமார் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தான். அறிவுச்செல்வன் எண்பத்து நாலு என்றும் வெறுங்கால் என்றும் அவனுக்கு விளக்கிக்கொண்டே, போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கி, இந்தப் பக்கம் உள்ளங்கையை நீட்டினார்.

இருசப்பன் பென்டிரைவுக்கு மூடியைப் போட்டு அழுத்தினார். வேட்டியில் ஒரு தடவை துடைத்தார். வலது கையில் இருந்ததை இடது கைக்கு மாற்றி, அந்தக் கையாலேயே நீட்டினார்.